நாற்பத்திரண்டாவது கேள்வி

1. படிவம்

அலுவலகம் திறந்த அன்று நான் செய்த முதல் வேலை ஒரு படிவம் தயாரித்தது. காரைக்கால் பாரதியார் வீதியில், மருந்துக்கடைக்கு மேலே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. மேசை ஒன்று, நாற்காலி மூன்று, பிரிண்டர் ஒன்று. படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள்.

எங்கள் வேலை சொகுசுப் படகுகளுக்கு ஆள் அனுப்புவது. யாட் என்பார்கள். பணக்காரர் ஒருவர் குடும்பத்தோடு கடலில் விடுமுறை கழிக்க வைத்திருக்கும் கப்பல் அது. பத்துப் பேர் விருந்தினர் என்றால் பன்னிரண்டு பேர் பணியாளர். டெக்கைத் தேய்க்க, கயிறு கட்ட, எஞ்சின் பார்க்க, சமைக்க, படுக்கை விரிக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்குப் பாஸ்போர்ட், சி.டி.சி. என்கிற கடலோடிப் பதிவேடு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றுகள், மருத்துவச் சான்று, விசா எல்லாம் சரியாக இருக்க வேண்டும். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கப்பல் ஆளெடுப்பு நிறுவனத்தில் இந்தக் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தவள். எனவே கேள்விகளில் குறை வைக்கவில்லை. சட்டை அளவு, ஷூ அளவு, வெளியே தெரியும்படி பச்சை குத்தியிருக்கிறதா, கடல் உணவு ஒத்துக்கொள்ளுமா என்பதுவரை கேட்டிருந்தேன்.

என் கூட்டாளி நிஜாம் பாய். திருமலைராயன்பட்டினத்துக்காரர். பதினொரு வருடம் மத்திய தரைக்கடல் யாட்களில் சமையல்காரராக இருந்தவர். கேப்டன்களை அவருக்குத் தெரியும், காகிதங்களை எனக்குத் தெரியும். படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, பொண்ணு பாக்கக்கூட இத்தன கேள்வி கேக்க மாட்டாங்க."

முதல் மாதம் வந்தவர்களில் பாதிப் பேர் போனது கேள்விகளால் அல்ல. வேலை தேடி வருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். எங்களுக்குக் கமிஷன் தருவது படகு நிர்வாகம்தான். மகனைக் கூட்டி வந்த ஒருவர் கடைசியாகக் கேட்டார்.

"எவ்வளவு கட்டணுங்க?"

"ஒண்ணும் கட்ட வேணாங்க."

"அட்வான்ஸு?"

"அதுவும் கெடையாதுங்க."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "எந்திரிப்பா. இது ஏதோ ஏமாத்து."

2. பன்னிரண்டு மணிப் பட்டியல்

ஆள் அனுப்பும் உரிமம் கைக்கு வந்து, முதல் ஆறு பேர் படகேறிய பிறகு, நிஜாம் பாய்க்கு ஒரு பெரிய யாட்டிலிருந்து தலைமைச் சமையல்காரர் வேலை வந்தது. மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. "ஆறு மாசம்தாம்மா" என்றார். அது நீண்டுகொண்டே போயிற்று. அவர் கேட்டுச் சொல்கிற வேலைகள் வந்துகொண்டிருந்தன, மூன்றாவது நாற்காலியில் அவர் மாட்டிவிட்டுப் போன மழைக்கோட்டு அப்படியே இருந்தது.

அதன்பின் நான் மட்டும்தான். இந்த வேலையில் வாடிக்கையாளர் நேரில் வர மாட்டார். வேலை கிடைத்தவரும் அதன்பின் வர மாட்டார். எந்தப் படகு, யாருடைய படகு என்று வெளியே சொல்லக் கூடாதென்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நெடுங்காட்டில் எங்கள் வீட்டில் நெல், உரம், வாய்க்கால் தண்ணீர் பற்றிப் பேசுவார்கள். நான் அன்று என்ன செய்தேன் என்று கேட்டால் "பேப்பர் வேலை" என்பேன். அது உண்மைதான்.

ஆட்களோடு தொடர்பு விடாமல் இருக்க ஒரு ஏற்பாடு செய்தேன். எங்கே இருந்தாலும் தினமும் நம் நேரம் மதியம் பன்னிரண்டுக்குள் "நல்லாருக்கேன்" என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். மத்திய தரைக்கடலில் அது காலை. வந்த பெயரை டிக் செய்வேன். ஒரு மணிக்குள் வராவிட்டால் கூப்பிடுவேன். டிக் முடிந்த பிறகு சோற்று டப்பாவைத் திறப்பேன். நான்கு வருடத்தில் இந்தப் பட்டியலை ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சல், புயல் எச்சரிக்கை, வீட்டில் துக்கம் எதற்கும் விட்டதில்லை. புதிய கேப்டன்களுக்கு எழுதும் கடிதத்தில் இதைப் பெருமையாகவே குறிப்பிடுவேன்.

3. கலைமணி

கலைமணி திருவேட்டக்குடிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஃபைபர் படகில் மீன்பிடித்தவர். பயிற்சிகளை எல்லாம் முடித்திருந்தார், ஆங்கிலம் மட்டும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. ஒரு ஸ்காட்லாந்து கேப்டன் வீடியோவில் நேர்காணல் செய்தபோது நானே மொழிபெயர்த்தேன். டெண்டர் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். யாட்டிலிருந்து விருந்தினரைக் கரைக்குக் கொண்டுபோகும் சிறிய படகுக்கு டெண்டர் என்று பெயர். கலைமணி தன் கைபேசியில் இருந்த வீடியோவைத் திருப்பிக் காட்டினார். கரையோர அலை இரண்டு எழும்பி விழும் இடைவெளியில், ஒரு ஃபைபர் படகை அவர் மணல்வரை கொண்டுவந்து நிறுத்துகிறார். கேப்டன் அதை மூன்று தடவை போடச் சொன்னார்.

முதல் சீசன் முடிவில் அவரைப் பற்றி வந்த குறிப்பு, அதுவரை எங்கள் ஆட்களுக்கு வந்ததிலேயே நல்லது. இரண்டாவது சீசன் நடுவில் அதே நிர்வாகம் இன்னும் நான்கு பேர் கேட்டது. நான்கு கோப்புகளும் தயாராக மேசைமேல் இருந்தன. அவர்களில் ஒருவர் அந்த வேலையை நம்பித் தன் வலைப்பங்கை விற்றிருந்தார்.

4. அன்று பன்னிரண்டு மணி

அன்று கலைமணியின் டிக் விழவில்லை. கூப்பிடலாம் என்று கைபேசியை எடுக்கும்போதே கேப்டன் கூப்பிட்டார். படகு ஒரு தீவின் ஓரம் நங்கூரமிட்டு நிற்கிறது. விருந்தினர் கரையில் மதிய உணவுக்குப் போக வேண்டும். கலைமணி டெண்டரில் ஏற மறுக்கிறார். டெக் தேய்க்கிறார், கயிறு சுருட்டுகிறார், டெண்டர் மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார். 'கிராமம், ஆள், கடல்' என்று ஏதோ சொல்கிறார், புரியவில்லை.

கேப்டன் குரலை உயர்த்தவில்லை. "உடம்பு சரியில்லை என்றால் மருத்துவப் பதிவில் எழுதிவிடுகிறேன், விஷயம் முடிந்தது. வேறு காரணம் என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவேன். ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் சொல்லுங்கள்" என்றார்.

கலைமணியைப் பிடித்தேன். பின்னால் யாரோ டெக்கில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது.

"என்னண்ணே ஆச்சு?"

"முருகையன் போயிட்டான் மேடம். நானும் அவனும் ஒரே போட்டு. விடிகாலம் அலையில கவுந்துட்டுதாம். மூணு பேரு நீந்தி வந்துட்டானுவ. இவன் வரல."

"தேடுறாங்களா?"

"ஊரே தேடுது. ஒடம்பு கரைக்கு வர்ற வரைக்கும் தொழிலுக்கு யாரும் எறங்க மாட்டோம். தேடத்தான் எறங்குவோம்."

நான் பொறுமையாகத்தான் கேட்டேன். "நீங்க இருக்கறதே கடல்லதானேண்ணே?"

"போட்டுல கெடக்கறது வேறங்க. எறங்கி ஓட்டுறது வேற. அவன் அங்க தண்ணியில கெடக்கான். நா இங்க திங்கப் போறவங்கள ஏத்திக்கிட்டுத் தண்ணியில போவணும். கை வராதுங்க."

நிஜாம் பாயைக் கூப்பிட்டேன். அவர் வேறொரு படகில் காலைச் சமையலில் இருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மவுத்துதாம்மா, யாரு இல்லங்கறா. ஆனா கேப்டனே வழி காட்டுறாரு பாரு. வயித்து வலின்னு ஒரு வரி எழுது. நாலு பேரு பொழப்பு இருக்கு."

நான் எழுதியும்விட்டேன். வயிற்றுக் கோளாறு, ஒரு நாள் ஓய்வு போதும். அனுப்பும் முன் கலைமணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கேப்டன் கேட்டால் இருவரும் ஒன்றே சொல்ல வேண்டும் அல்லவா. காரணம் அவ்வளவுதான்.

கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னார்: "வேணாங்க மேடம். அப்புடி எழுதிட்டா நா வயித்து வலிக்கு நின்னதாவுல்ல ஆயிடும். அவனுக்கு நிக்கலன்னு ஆயிடும்."

"வேலை போயிடும்ண்ணே."

"தெரியுதுங்க."

"இன்னும் நாலு பேரு இருக்காங்க."

"அதாங்க கஷ்டமா இருக்கு" என்றார். வேண்டாம் என்று சொன்னதை மட்டும் அவர் திரும்ப வாங்கவில்லை.

எழுதியதை அழித்தேன். நடந்ததை ஏழு வரியில் எழுதினேன். யார் இறந்தார், ஊரின் வழக்கம் என்ன, உடல் கிடைத்த மறுநாள் இவர் டெண்டர் எடுப்பார், அதுவரை வேறு எந்த வேலையும் செய்வார். கடைசி வரி: இதை நான் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், பிழை என்னுடையது.

பதில் இருபது நிமிடத்தில் வந்தது. மரியாதையான பதில். வருந்துவதாகவும், எந்த நாளில் வேலை செய்வது என்பதைப் பணியாளர் முடிவு செய்யும் படகைத் தன்னால் நடத்த முடியாது என்றும் எழுதியிருந்தார். நான்கு பேருக்கான கோரிக்கையை நிர்வாகம் மாலையில் திரும்பப் பெற்றது. நான்கு வீட்டுக்கும் நானே தொலைபேசியில் சொன்னேன். வலைப்பங்கை விற்றவர் மட்டும் கேட்டார்: "யாருக்காவ நின்னாரு?" சொன்னேன். "முருகையனா" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

5. கோப்பு

முருகையனின் உடல் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது. கலைமணி ஊர் வந்து சேர்ந்தது ஐந்தாம் நாள். அதற்கடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்தார், தன் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள. டீ வாங்கி வைத்தேன்.

"நான் முன்னாடியே கேட்டிருக்கணும்ண்ணே. நாப்பத்தோரு கேள்வி கேட்டேன், இத கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க. சொல்லியிருந்தா நீங்க எடுத்திருக்க மாட்டீங்க."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. டீயை ஊதிக்கொண்டே சொன்னார். அதில் மறுக்க ஒன்றும் இல்லை.

கோப்பை நான் கொடுக்கவில்லை. "இருக்கட்டும்ண்ணே, சர்டிபிகேட்டுக்கெல்லாம் இன்னும் தேதி இருக்கு" என்றேன். சிரித்தார். மறுநாளிலிருந்து மறுபடி ஃபைபர் படகுக்குப் போனார்.

அந்த வாரம் நாற்பத்திரண்டாவது கேள்வியைச் சேர்த்தேன். 'எந்த நாளில், எந்தக் காரணத்துக்காக நீங்கள் வேலை செய்ய மாட்டீர்கள்? அன்று உங்கள் வேலையை யார் பார்ப்பார்?' இரண்டாவது பாதி முக்கியம். ஒரு படகுக்கு ஒரே ஊரிலிருந்து இரண்டு பேரை அனுப்புவதை நிறுத்தினேன். ஓர் ஊரில் துக்கம் என்றால் அடுத்த ஊர்க்காரர் டெண்டர் எடுப்பார். ஒப்பந்தத்துக்கு முன்பே கேப்டனிடம் சொல்லிவிடுவேன். சிலர் அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள். சிலர் சரி என்றார்கள். சரி என்ற படகுகளுக்கு மட்டும் அனுப்பினேன். வலைப்பங்கை விற்றவருக்கு அப்படி ஒரு படகு கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று.

6. சோதனைப் பதிவு

படிவத்தை இணையத்தில் ஏற்றியபோது சோதிப்பதற்காக என் பெயரையே போட்டு நிரப்பினேன். நாற்பத்தொன்றும் சில நிமிடங்களில் முடிந்தன. நாற்பத்திரண்டில் நின்றேன்.

போன வருடம் என் அப்பா இறந்தார். அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு, உடலைக் குளிப்பாட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று பதினைந்து டிக் போட்டேன். ஒருவருக்கு விமான டிக்கெட்டும் அனுப்பினேன். அந்தப் பதினைந்து பேரில் எவருக்கும் அன்று எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை. ஒரு நாள்கூட விட்டதில்லை என்று நான் கடிதங்களில் எழுதியதில் அந்த நாளும் அடக்கம்.

முதல் பாதியில் அப்பாவின் நினைவு நாளை எழுதினேன். இரண்டாவது பாதிக்கு எழுத ஒரு பெயர் இல்லை. காலியாக விட்டால் படிவம் ஏற்காது. அப்படி அமைத்தவள் நான்தான். இரண்டு நாள் அதைத் திறந்தபடியே வைத்திருந்தேன். பிறகு கலைமணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வருஷத்துல ஒரு நாள் ஒரு வேலை பாக்கணும். அப்பா தேதி அன்னைக்கு."

"சொல்லுங்க மேடம்."

"பன்னண்டு மணிக்குள்ள பதினேழு பேருகிட்டேருந்து 'நல்லாருக்கேன்'னு வரும். எல்லாம் வந்துட்டுதான்னு பாக்கணும். ஒரு மணிக்குள்ள வரலன்னா கூப்புடணும்."

"அன்னைக்கு நா எறங்கலங்க."

"பன்னண்டுக்குள்ளதான் கரைக்கு வந்துருவீங்களேண்ணே."

"வந்துருவேன். ஆனா எறங்கல" என்றார். பிறகு, "பதினேழு பேரா? நீங்க யாருக்கு 'நல்லாருக்கேன்'னு போடுவீங்க?"

"நான் ஆபீஸ்ண்ணே. நான் போட வேண்டியதில்ல."

"அன்னைக்கு ஆபீசு நாந்தானங்க" என்றார் கலைமணி. "ஒரு மணிக்குள்ள வரலன்னா கூப்புடுவேன்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று. ஆளை எடுக்கும்போது அவர் என்ன செய்வார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதற்காக வேலையை நிறுத்துவார் என்றும் கேளுங்கள், நிறுத்தினால் அந்த இடத்தில் நிற்க ஓர் ஆளை முன்னாலேயே ஏற்பாடு செய்யுங்கள். அதை உங்களிலிருந்து தொடங்குங்கள்.

அப்பாவின் நினைவு நாளன்று அலுவலகத்தைத் திறக்கவில்லை. படையல் முடித்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்தபோது மணி பன்னிரண்டே கால். கைபேசியை எடுத்துக் கலைமணிக்கு 'நல்லாருக்கேன்' என்று அனுப்பினேன்.

"பதினெட்டு" என்று பதில் வந்தது.