ஏ, பி இல்லாத அகராதி

எங்கள் வீட்டு ஆங்கில அகராதி ‘கேபேஜ்’ என்ற முட்டைக்கோசில் ஆரம்பித்தது. அதற்கு முந்தைய பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. சிவாஜி நகர் பழைய சாமான் கடையில் அக்கா அதை வாங்கி வந்த அன்றே நான் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிட்டேன், ஏ, பி என்ற இரண்டு எழுத்துகள் இல்லை என்று. இருபத்தாறுக்கு இருபத்து நான்கு நல்ல மார்க்குதானே என்றாள் அக்கா. எனக்கு அந்த இரண்டைப் பற்றியே கவலையாக இருந்தது. எதையும் எண்ணுவதும், குறைவதை நினைத்துப் புலம்புவதும் எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்ட வியாதி. இன்று என் பேரன் கைபேசியிடம் ஒரு சொல்லைச் சொல்கிறான், அது வாய்விட்டு அர்த்தம் சொல்கிறது, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவன் மறந்துவிடுகிறான். அதுவும் எனக்குக் கவலைதான்.

நாங்கள் அப்போது கன்னட நாட்டில், மர்பி டவுன் என்கிற பகுதியில் இருந்தோம். அப்பா ஒரு மில்லில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பத்தாவது முடித்து, டைப்பிங்கும் பாஸ் செய்திருந்தாள். தங்கவயலிலிருந்து அவளைப் பெண் கேட்டு அனுப்பியிருந்தார்கள். அவளோ கண்டோன்மென்ட் பக்கத்து இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றுக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அம்மா இருவர் பக்கமும் தலையாட்டினாள். அப்பா தீர்ப்பு சொன்னார்.

“ஒரு தபா போய்ட்டு வா. கிடைச்சா கிடைச்சது. இல்லேன்னா தங்கவயலுக்கு சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கக் கூடாது.”

அந்த ஆபீசில் இங்கிலீஷ்தான் முக்கியம், அதுவும் பேப்பரில் வருகிற இங்கிலீஷ் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பேப்பர் வாங்க எங்களுக்கு வழியில்லை. ஆனால் அப்பாவின் டிபன் கேரியர் தினமும் ஒரு முந்தைய நாள் ஆங்கிலப் பேப்பரில் சுற்றித்தான் வீடு திரும்பியது. மேனேஜர் அறையில் விளையாட்டுப் பக்கத்தையும் சினிமாப் பக்கத்தையும் ஆளாளுக்கு உருவிக்கொண்டது போக மிஞ்சிய தாள் அது. பெரும்பாலும் சட்டசபைச் செய்திகளும் மரண அறிவிப்புகளும்தான். மகள் வேலைக்குப் போவது பிடிக்காத அப்பாதான் அதை எண்ணெய் படாமல் மடித்துக் கொண்டுவந்தார்.

அக்காவின் முறை இதுதான். செய்தியில் தெரியாத சொல்லுக்குக் கீழே கோடு போடுவாள். அந்த வாக்கியத்தை வைத்து இருவரும் அர்த்தம் ஊகிப்போம். பிறகு அகராதியைத் திறந்து, யார் ஜெயித்தது என்று பார்ப்போம். ஏ, பி சொற்களுக்கு மட்டும் மேல்முறையீடு கிடையாது. மூன்று வெவ்வேறு செய்திகளில் ஒரே அர்த்தம் பொருந்தினால், அதுதான் அர்த்தம். ‘அட்ஜர்ன்’ என்றால் சண்டை முற்றியதும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போவது. ‘அப்ஸ்காண்ட்’ என்றால் பணத்தோடு காணாமல் போவது. இரண்டும் ஏறக்குறைய சரிதான். அடுப்பூதும்போதும், குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருக்கும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். சாமி கும்பிடுகிறாள் என்று பக்கத்து வீட்டில் நினைத்தார்கள்.

நேர்காணல் நெருங்கியபோது எங்களிடம் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. அதில் ஏ, பி சொற்கள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றில் நாற்பது சரி.

தவறிய அந்த ஒன்று மரண அறிவிப்பிலிருந்து வந்தது. படத்துக்குக் கீழே இறந்தவரின் பெயருக்கு முன்னால் ‘பிலவ்டு’ என்று போட்டிருப்பார்கள். கடைசியில் மனைவி, மக்களுக்கு முன்னால் ‘பிரீவ்டு’ என்று போட்டிருப்பார்கள். மூன்றென்ன, முப்பது அறிவிப்புகளில் அப்படியே இருந்தது. அக்கா யோசித்து முடிவு செய்தாள்.

“ரெண்டுமே அன்பானன்னுதான்டா அர்த்தம். செத்தவங்களுக்கு பிலவ்டு, உயிரோட இருக்கிறவங்களுக்கு பிரீவ்டு.”

பிரீவ்டு என்றால் நெருங்கியவரைச் சாவுக்குப் பறிகொடுத்தவர் என்று அர்த்தம். அது எங்களிடம் இல்லாத பக்கத்தில் இருந்தது.

நேர்காணலில் அவளைப் பற்றி அவளையே நாலு வரி டைப் செய்யச் சொன்னார்கள். மர்பி டவுன்வாசியான பாய்லர் தொழிலாளி ஒருவரின் பிரீவ்டு மகள் நான் என்று பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தாள். பெரிய அதிகாரி ஒரு அம்மாள். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம். தண்ணீர் கொடுக்கச் சொன்னாராம். கூடப்பிறந்தவர் யாராவது உண்டா என்று கேட்டாராம். நானூற்றுப் பன்னிரண்டில் வேறு ஒரு சொல்லைக்கூடக் கேட்கவில்லையாம்.

“தைரியமா இருன்னாங்கடா. வேலை கஷ்டம்போல இருக்கு” என்றாள் என்னிடம்.

வேலைக்கு உத்தரவு வந்தது. அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தங்கவயலுக்குப் பதில் போகவில்லை. அக்கா அன்று சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்துப் புத்தகக் கடைக்குப் போனாள். வேலைக்குச் சேருவதற்கு முன் ஏ, பி இரண்டையும் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும் என்றாள். முழு அகராதியை எடுத்து விரல் வைத்துத் தேடினாள். உதட்டுக்குள்ளேயே ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிச் சரிபார்த்தாள். கடைக்காரர் இரண்டு முறை கனைத்தார். பி முடிந்ததும் அவள் விரல் பின்னால் ஒரு சொல்லுக்குத் திரும்பி வந்து நின்றது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

பஸ்ஸுக்குக் காசு இருந்தும் நடந்தே வந்தோம். எத்தனை சரி என்று கேட்டேன். நாற்பது என்றாள். மிச்சம் ஒன்று எது என்று வழியெல்லாம் அரித்தேன். அல்சூர் ஏரி வந்ததும், “அத நான் பாத்துக்கறேன்” என்றாள்.

வேலையில் சேரும் நாளன்று அப்பா அரை நாள் லீவு போட்டார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். ஆபீஸ் வாசல்வரை போய் விட்டுவிட்டு வருவது என்று அவர் திட்டம். அல்சூர் பஸ் ஸ்டாப்பில் அக்கா நின்றுவிட்டாள்.

“இங்கியே நின்னுக்கோங்கப்பா. நான் தனியாப் போய்க்கிறேன்.”

வாசல்வரைக்கும்தானே என்றார் அப்பா. வேண்டாம்பா என்று சொல்லி அவள் பஸ் ஏறிவிட்டாள். அப்பா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு தேய்த்தாலும் பாய்லர் கரி அதில் போகாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அம்மா கேட்டதற்கு, பஸ்ஸில் கூட்டம் என்று மட்டும் சொன்னார். இங்கிலீஷ் வந்ததும் அக்காவுக்கு அப்பா ஆகாமல் போய்விட்டார் என்று நான் முடிவுகட்டினேன். சாயங்காலம் அவள் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் போனாள். “நாளைக்கு நீங்க ஆபீசுக்கு வரணும்ப்பா. மேடம் பாக்கணும்னாங்க.”

“நான் இன்னாம்மா பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. சும்மா வந்து நில்லுங்க, போதும்.”

அன்று காலை நடந்ததை அக்கா எனக்குச் சொன்னது, எங்கள் இருவர் தலையும் நரைத்த பிறகு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்த அம்மாளின் அறைக்குப் போயிருக்கிறாள். என் அப்பா உயிரோடு இருக்கிறார், நான் போட்ட சொல் தப்பு என்று சொல்லி, சொல் வந்த வழியையும் சொல்லி, உத்தரவை மேசைமேல் வைத்திருக்கிறாள். அவர் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தால் அடுத்தது தங்கவயல்தான். அந்த நிமிடத்தில் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு. அந்த அம்மாள் உத்தரவைத் தொடவில்லை. நாளைக்கு அப்பாவை அழைத்து வா என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போனேன். அந்த அம்மாள் அறையிலிருந்து வெளியே வந்து, அப்பாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “சென்னாகிதீரா?” என்று கன்னடத்தில் நலம் கேட்டார். அப்பா கைகூப்பி, “சென்னாகிதீனி மேடம்” என்றார். இன்னொரு முறையும் கேட்டார். அப்பா இன்னொரு முறையும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்த அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக நாற்காலியை விட்டு எழுந்து பார்த்தார்கள். ஒருவர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பியூன் பிஸ்கட்டோடு டீ கொண்டுவந்தார். அக்கா மட்டும் நிமிரவே இல்லை, டைப் அடித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா அதையே பேசினார். “ஆபீசே எழுந்து நின்னுச்சு, பாத்தியா? எல்லாம் அவ இங்கிலீசுக்கு.” நான் அது வெள்ளைச் சட்டைக்காக என்று நினைத்தேன். உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதருக்கு எழுந்து நின்று டீ கொடுப்பார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.