எண்பது எழுத்துக்குள்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு மாற்றத்தை என் ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தாள். புரோகிராமில் ஒரு வரி எண்பது எழுத்தைத் தாண்டக்கூடாது என்று எங்களுக்கொரு விதி உண்டு. அதை நூற்றிருபது ஆக்கலாம் என்கிறாள். எல்லோர் மேசையிலும் இப்போது அகலமான திரைதான். அவள் கேட்பது நியாயம். ஓகே கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போனால், வெஜ் பப்ஸ் சூடாக வந்து இறங்கியிருந்தது. அந்த வாசனைக்கு எனக்கு மெர்சி அக்கா ஞாபகம் வந்துவிடும்.

என் முதல் வேலை அவிநாசி ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். பதினொரு மணிக்கு பப்ஸ் வாசனை படியேறி வரும். அப்புறம் ஒருவருக்கும் வேலை ஓடாது. போத்தனூர்க்காரரான மெர்சி அக்கா எங்கள் குழுவில் சீனியர். நான் கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோனேன். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பார்வை மட்டம். "ஆபீசுல யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு, வேலைய உட்டு அனுப்பிச்சுருவாங்க" என்று அம்மா எச்சரித்திருந்தார். அதனால் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, கிட்டத்தட்ட மூக்கால் படித்துக்கொண்டிருந்தேன். பெரிதாக்கினால் நீளமான வரிகளின் வால் திரைக்கு வெளியே போய்விடும். அப்படி மறைந்துபோன வாலில், புரோகிராமுக்கு வேண்டிய ஒரு நிபந்தனையை நான் கவனிக்காமல் விட, ஒரு வாடிக்கையாளரின் ஸ்டாக் விவரம் முழுக்கத் தாறுமாறானது.

அக்கா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தேடினார். பிழையைப் பார்த்தார், எழுத்தின் அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாள் எல்லோருக்கும் அறிவித்தார்: "இனி ஒரு வரி எண்பது எழுத்துதானுங்க. தாண்டுனா திருப்பி அனுப்பிச்சுருவேன்."

சொன்னபடியே அனுப்பினார். என்னோடு சேர்ந்த பிரகாஷ் பொருமினான்: "ஏனுங்க்கா, இதென்ன தந்தியா, எழுத்தை எண்ணி அடிக்கறதுக்கு?" எண்பதக்கா என்று பட்டப்பெயரும் வந்தது. நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு கூட்டத்தில் மேனேஜர் கேட்டேவிட்டார். "இதனால வேலை இழுக்குதுங்கறாங்க. எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குத்தானுங்க கண்ணு சரியில்ல. நீளமா இருந்தா படிக்கச் சிரமமா இருக்குதுங்க."

நான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் அக்காவுக்கு வரவேண்டிய டீம் லீட் பதவி வேறொருவருக்குப் போனது.

படிக்கட்டில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "எனக்காகத்தானுங்க அப்படிச் சொன்னீங்க?"

"உனக்காகன்னு யாரு சொன்னா? படிக்க நல்லாத்தான இருக்குது. மொதல்ல போயி டாக்டரைப் பாரு கண்ணு."

டாக்டரிடம் போனேன். தடித்த கண்ணாடி வந்தது. மேனேஜரிடம் மட்டும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியதில், அக்கா வேலையை விட்டுப் போகும் நாளே வந்துவிட்டது. வழியனுப்பும்போது பையன்கள் கேலியாக ஒரு பூதக்கண்ணாடி பரிசளித்தார்கள். அதில் என் பங்கும் இருந்தது. அக்கா அதைக் கண்ணில் வைத்து ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தார். என் முறை வந்தபோதும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

இப்போது பிள்ளைகள் தங்கள் குறையைச் சேரும் அன்றே சொல்லிவிடுகிறார்கள். ஆபீஸும் வேண்டியதைச் செய்துகொடுக்கிறது. ஒருவருக்காக இன்னொருவர் பொய் சொல்லத் தேவையில்லை. நல்ல காலம்தான். ஆனால் அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். அவர்கள் எல்லோரும் கேட்க, "கண்ணு சரியில்லாதது எனக்குத்தானுங்க" என்று சொல்ல, எனக்கு இனி ஒரு கூட்டம் இல்லை.