புள்ளி வைத்த கடுதாசி

எங்கள் அத்தைக்கு வலிப்பு நோய் இருக்கிறதென்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனபோது எனக்கு ஒன்பது வயது. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவள். வலிப்பு என்ன, அவள் ஒரு நாள் காய்ச்சலென்று படுத்துக்கூட நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை பாபநாசம் பக்கத்தில் பெரிய பண்ணைக்காரர். இரண்டு மனைவிகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். தாம்பூலம் மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அவருடைய காரியஸ்தர் வில்வண்டியில் பாளையங்கோட்டைக்கு வந்து, கடுதாசியை அப்பாவின் கையில் கொடுத்தார். "எழுதினவன் யாருன்னு தெரிஞ்சு, அவன் வாயாலயே பொய்யின்னு சொன்னாத்தான் மேற்கொண்டு பேச்சு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அப்பாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெரியப்பா, அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன், தாம்பூலத்தன்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்: "அந்த மாப்பிள்ளை என் சோட்டு, என் வயசு ஆளுலாடே. பிள்ளையைக் கொண்டு தள்ளுதியே." போதாததற்கு, கோவில் கொடைத் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்பதில் இரண்டு வீட்டுக்கும் மூன்று வருஷமாகச் சரியில்லை.

ஆனாலும் அப்பா நியாயஸ்தர் என்று பெயரெடுத்தவர். சாட்சியில்லாமல் ஒருவரைக் குற்றம் சொல்லமாட்டார். அதனால் சாட்சி தேட ஆரம்பித்தார். கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டியவர்களின் பெயரை எழுதித் தரும்படி தெருவிலுள்ள ஆண்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கினார். பெரியப்பாவும், பாவம், அக்கறையாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த நாட்களில் அப்பா யாரைப் பார்த்தாலும் முதலில் விரலைத்தான் பார்ப்பார், மைக்கறை இருக்கிறதா என்று. அம்மாவின் தம்பி வந்தால்கூடப் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

பிறகு, ஜில்லாக் கோர்ட்டில் கள்ள உயில், கள்ளப் பத்திர வழக்குகளில் கையெழுத்தைப் பார்த்துச் சாட்சி சொல்கிற ஒருவரை அழைத்து வந்தார். பழைய மிஷன் குடும்பத்துக்காரர், வயதானவர். முன்கூடமான பட்டாசாலையில் பாயை விரித்து, காகிதங்களை வரிசையாகப் பரப்பி, பூதக்கண்ணாடியோடு காலை முழுவதும் குனிந்தே இருந்தார். நான் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடுதாசியை அவர் வெளிச்சத்துக்குத் திருப்பியபோதுதான் உள்ளே இருந்த எழுத்தை முதன்முதலாகப் பார்த்தேன். யாருடையது என்று தெரிந்துவிட்டது.

மத்தியானங்களில் வீடு தூங்கும்போது, நெல்லுப் பத்தாயத்துக்குப் பின்னால் என் சிலேட்டில் அத்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நான்தான். எங்கள் வாத்தியாரம்மாவைப் போலவே தப்புக்குத் தப்பு விரல்முட்டியில் அடியும் கொடுப்பேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தக் கடுதாசியைத் தபால் பெட்டியில் போட்டதும் நான்தான். விலாசத்தைப் படித்துவிட்டு, கல்யாணம் ஆகப்போகிறவர்கள் கடிதம் எழுதிக்கொள்வார்கள்போல என்று நினைத்திருந்தேன்.

"பிள்ளைவாள், இது உங்க அண்ணாச்சி கை இல்லை" என்றார் கையெழுத்துப் பார்க்க வந்தவர்.

"கையை மாத்தி எழுதியிருக்கலாம்லா?"

"மாத்தி எழுதுதவன் ஒரு வரியிலயாவது பழைய வழிக்குப் போயிருவான். இங்கன பாருங்க. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் புள்ளி இருக்கு. ஓலையில எழுதிப் பழகின நம்ம ஆளுக புள்ளி வைக்கதே இல்லை. இது சிலேட்டுல படிச்ச கை. அதுலயும் புதுக்கை. எழுத்துக்கு எழுத்து பேனாவைத் தூக்கித் தூக்கி வச்சிருக்கு." சற்று நிறுத்தி, "இந்த வீட்டுல பள்ளிக்கூடம் போறது யாரு?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "ஏட்டி, இங்க வா" என்றார்.

என்னை உட்காரவைத்து, பேனாவைக் கொடுத்து, "மழை பெய்து சுவர் விழுந்து விட்டது" என்று எழுதச் சொன்னார் அந்தப் பெரியவர். எழுதினேன். இரண்டையும் அருகருகே வைத்தார். என்னுடைய சுழிகள்தான் அதிலும் இருந்தன. வேறு எப்படி இருக்கும்? உள்ளறையான அரங்கு வீட்டுக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் ஒன்று கேட்டு நின்றது.

"இந்தப் பிள்ளை எழுதலை" என்றார் அவர். "இவ 'விழுந்து'ன்னு சரியா எழுதியிருக்கா. கடுதாசியில 'விளுந்து'ன்னு இருக்கு. ஒம்பது வயசுப் பிள்ளைக்கு இந்த விஷயமும் தெரியாது." பிறகு மெல்ல, "வீட்டுல பொம்பளையாளு வேற யாரும் எழுதுவாகளா?" என்றார்.

"எங்க வீட்டுல அந்த வழக்கம் கிடையாது." அப்பாவுக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது.

பெரியவர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அத்தை எழுத்துத் தெரிந்தவள் என்று சொன்னால் சிலேட்டுப் பாடம் வெளியே வந்துவிடும். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். என் பயம் அவ்வளவுதான்.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசாகுது?" என்று திடீரென்று கேட்டார்.

"நாப்பத்தஞ்சு ஆகலை."

அவர் பூதக்கண்ணாடியை உறையில் போட்டார். "இங்கன இருக்கிற காயிதத்துல எதுவுமே பொருந்தலை, பிள்ளைவாள். என்னால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான்."

கல்யாணம் நின்றுபோயிற்று. அடுத்த வருஷம் அத்தையை ஸ்ரீவைகுண்டத்தில் தபாலாபீஸ் உத்தியோகத்திலிருந்த ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள், நன்றாகவே வாழ்ந்தாள். ஏன் தன்மேலேயே அப்படியொரு பொய்யை எழுதினாள் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிராத வயது எனக்கும் வந்தது.

ஆனால் பெரியவர் வண்டியேறிப் போனதும் அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னாராம்: "கை பொருந்தலைன்னா, அண்ணன்காரன் ஆளை வச்சு எழுதியிருக்கான்." இதை அம்மா எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து. அத்தையின் கல்யாணத்துக்கு அப்பா பெரியப்பாவை அழைக்கவில்லை. அவர் செத்தபோது அப்பா தெருவில் நின்றுவிட்டு வந்தார், படியேறவில்லை.

பெரியவர் வந்துபோன அன்று சாயங்காலம் அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் தெருவில் ஓடினேன். பெரியப்பா தன் வீட்டு நடையில் நின்று கைகாட்டிக் கூப்பிட்டார். கல்யாணப் பெயர்களை எழுதி வாங்கியது எதற்கென்று அதற்குள் அவருக்கும் எட்டியிருந்தது.

"அந்த மனுஷன் என்ன சொன்னாரு தாயி?"

"உங்க கை இல்லைன்னு சொல்லிட்டாக பெரியப்பா."

"உங்கப்பன் கேட்டானா?"

"பக்கத்துலதான் இருந்தாக."

"நம்பிட்டானா?"

எனக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு நம்பாமல் இருப்பார்களா? "நம்பிட்டாக" என்றேன். பெரியப்பா என் தலையைத் தடவிவிட்டு, அப்பாவோடு பேசுவதற்காக மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் விளையாடப் போய்விட்டேன்.