வாழைமர நோட்டு

எங்கள் பெரியப்பா மலாயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தகரப்பெட்டியில் லட்ச ரூபாய் இருக்கிறது என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அது முழுப் பொய்யும் அல்ல. எண்ணிப் பார்த்தால் லட்சத்துக்கு மேலேயே வந்திருக்கும். ஆனால் அதில் ஒரு தாளைக் கொடுத்துத் திண்டுக்கல்லில் மட்டுமல்ல, உலகத்தின் எந்த ஊரிலும் ஒரு டீ வாங்க முடியாது. அத்தனையும் சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்டபோது அடித்துவிட்ட டாலர் நோட்டுகள். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அவை வெறும் காகிதமாகிவிட்டன. பத்து டாலர் நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் ஒன்று போட்டிருக்கும். அதனால் அங்கே எல்லோரும் அதை வாழைமர நோட்டு என்றே சொல்வார்களாம்.

எங்களுக்கு அது கடை விளையாட்டுக்கான பணம். பத்து டாலருக்குப் புளியங்கொட்டை, நூறு டாலருக்கு உடைந்த வளையல் என்று நானும் பெரியப்பா பிள்ளைகளும் தாராளமாக வியாபாரம் செய்வோம். பெரியப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். பெட்டியின் அடியில் எண்ணெய்த்துணியில் சுற்றி ஒரு கட்டு இருந்தது. அதை மட்டும் தொடக்கூடாது என்று பெரியம்மா சொல்லிவைத்திருந்தாள். தொடக்கூடாத சாமான்கள் எங்கள் வீட்டில் வேறு பலவும் இருந்ததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், சுருட்டுக் கம்பெனி லேபிள் எல்லாம் அங்கே அச்சாகும். இருந்தது காலால் மிதித்து ஓட்டும் ஒரே ஒரு மிஷின். அந்த வருஷம் அதன் சக்கரத்தில் விரிசல் விட்டு, ஒட்டவைத்த இடத்திலேயே மறுபடியும் விட்டுவிட்டது. பெரிய வேலைகள் எல்லாம் வேறு அச்சகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அண்ணனுக்குக் கைகொடுக்கச் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சாது என்பதால் யோசனைகளாகக் கொடுத்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு யோசனையில்தான், பழைய சண்டைக்கால நோட்டுகளை மதிப்புப் பார்த்து வாங்குகிறவர் ஒருவர் மதுரையில் இருப்பதை யாரிடமோ கேட்டு அறிந்து, அவரை வரச்சொல்லிவிட்டார். பெரியப்பாவிடம் அதைச் சொன்னது அவர் வருவதற்கு முந்தின நாள்தான்.

“எதுக்குடா இதெல்லாம்” என்றார் பெரியப்பா.

“சும்மா கெடக்குற காயிதந்தானேண்ணே. வந்து பாத்துட்டுப் போகட்டும். நமக்கு என்ன நட்டம்?”

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது அந்த மதுரைக்காரர் வாசலில் நின்றிருந்தார். பாங்கு ஒன்றில் கஜானா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர், கையில் ஒரு தோல் பை. வீட்டுக்குள் வந்ததும் முதலில் தண்ணீர் கேட்டார். குடிப்பதற்கு இல்லை. பின்கட்டில் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி, சொந்தத் துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தார். பூசையில் அப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் சாமியார் விரல் கழுவுவதை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாங்கள் புளியங்கொட்டைக்கு விற்ற தாள்களைத் தொடவா ஒருவர் இப்படிக் கை கழுவுகிறார்?

மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடி, முனை மழுங்கிய சாமணம், சின்ன அளவுகோல் மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். பிறகு ஒவ்வொரு தாளாகச் சாமணத்தால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சில தாள்களில் வெளிச்சம் படும்போது மட்டும் உள்ளே ஒரு பூ தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்த நோட்டில் நாங்கள் வியாபாரம் செய்திருக்கிறோம். அதற்குள் ஒரு பூ இருப்பது எங்களுக்குத் தெரியாது.

“முதல்ல வந்த நோட்டுல நம்பர் இருக்கும்” என்று அவர் யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டு போனார். “அப்புறம் நம்பர் போடுறதையே விட்டுட்டாங்க. வெறும் எழுத்து மட்டுந்தான். எம்-ல ஆரம்பிச்சா மலாயா, பி-ல ஆரம்பிச்சா பர்மா. எத்தனை அடிச்சோம்னு அடிச்சவங்களுக்கே தெரியாது.”

நோட்டுகளை இரண்டு அடுக்காகப் பிரித்தார். கசங்கி, அழுக்கேறி, ஓரம் கிழிந்தவை ஒரு பக்கம் மலையாகக் குவிந்தன. மடிப்பு விழாதவை மறுபக்கம் ஏழெட்டுத்தான் சேர்ந்தன.

“கை படாத நோட்டுக்குத்தான் விலை சார். நாலு பேர் கையில புழங்கிட்டா ஒண்ணும் தேறாது.”

“அப்ப அரிசிக்கும் கெழங்குக்கும் அலைஞ்சவன் கையில இருந்ததுக்கு மதிப்பு இல்ல” என்றார் பெரியப்பா. “பூட்டி வச்சிருந்தவன் நோட்டுக்குத்தான் மதிப்பு.”

அவர் சாமணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெரியப்பாவை முதல்தடவையாகச் சரியாகப் பார்த்தார். “ஆமா சார். எங்க கணக்கு அப்படித்தான்” என்றார்.

பெட்டி முழுவதற்கும் சேர்த்து அவர் சொன்ன விலையில் மிஷினுக்கு எண்ணெய்தான் வாங்கலாம். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் இருந்த எண்ணெய்த்துணிக் கட்டை எடுத்தார்.

“அது கெடக்கட்டும்டா” என்றார் பெரியப்பா. அதற்குள் அப்பா முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

உள்ளே அத்தனையும் பத்து டாலர் நோட்டுகள். ஒன்றில்கூட ஒரு மடிப்பு இல்லை. மதுரைக்காரர் மேலிருந்த நோட்டைச் சாமணத்தால் எடுத்தார். சட்டென்று சாமணத்தை வைத்துவிட்டு விரலாலேயே தடவிப் பார்த்தார். ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்து தன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, அதிலிருந்த வாழைமர நோட்டு ஒன்றை இதன் பக்கத்தில் வைத்தார். 

“இது ஜப்பான்காரன் அடிச்சது இல்ல” என்றார். “கள்ள நோட்டு.”

அப்பா சிரித்துவிட்டார். “செல்லாத நோட்டுல கள்ள நோட்டு வேறயா?”

“சிரிக்காதீங்க சார். இந்த உறையில இருந்ததும் இதே அச்சுக்கல்லுல அடிச்ச நோட்டுதான், சிங்கப்பூர்லருந்து எனக்கு வந்துச்சு. இது யார் வேலைன்னு வெளிநாட்டுல எழுதிக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க பெட்டியில மத்தது எல்லாம் காகிதம். இதுதான் பொருள்.”

காபி கொண்டுவந்த பெரியம்மா நிலைப்படியில் நின்றுவிட்டாள். பிறகு தம்ளர்களோடு அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். அன்றைக்குக் காபி வரவே இல்லை.

“எத வச்சுக் கள்ள நோட்டுங்கிறீக?” என்று கேட்டார் பெரியப்பா. அவர் குரல் தாழ்ந்திருந்தது. பயந்தவர் கேட்பதைப்போல இல்லை. தான் அச்சடித்துக் கொடுத்த பத்திரிகையில் பிழை இருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், எந்த வரியில் என்று கேட்பாரே, அந்தக் குரல்.

“காகிதம் லேபிள் காகிதம். அச்சு கல்லச்சு. யாரோ கல்லு மேல கையால வரைஞ்சு எடுத்திருக்காங்க, இடம் வலம் மாத்தி. எழுத்துல ஒரு குத்தம் சொல்ல முடியாது. பின்பக்கம் கடலும் கப்பலும் அச்சு அசல். மரத்துல மட்டும் என்னமோ வித்தியாசம் இருக்கு. என்னன்னு எனக்குப் பிடிபட மாட்டேங்குது.”

மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டிருந்த என்னை அவர் கவனித்தார். “நீ பாக்குறியா பாப்பா?” என்று பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

நான் அதுவரை பார்த்திராத ஒரு தோட்டம் அதற்குள் இருந்தது. இலை நரம்புகள் மயிரிழை மயிரிழையாக ஓடின. ஓர் இலை காற்றில் கிழிந்து தொங்கியது. குலையில் ஒவ்வொரு காயும் தனித்தனியாக நின்றது. முதலில் அவருடைய உறையிலிருந்து வந்த நோட்டைப் பார்த்தேன். பிறகு எங்கள் கட்டிலிருந்து எடுத்த நோட்டைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மரம்தான். பிறகு நாங்கள் புளியங்கொட்டைக்கு விற்ற அசல் நோட்டைப் பார்த்தேன். அதில் காய்கள் நீளமாக, ஒட்டி ஒட்டி இருந்தன. கட்டில் இருந்த மரத்தின் காய்களோ கட்டை குட்டையாக, விளிம்பு எழும்பி, முனை லேசாக வளைந்து இருந்தன. சிறுமலையிலிருந்து குதிரை முதுகில் இறங்கிச் சந்தைக்கு வரும் தார்களை நாள் தவறாமல் பார்த்து வளர்ந்தவள் நான்.

“இது சிறுமலைப் பழம்” என்றேன்.

அப்பா என் தலையில் லேசாகத் தட்டினார். “மலாயாவுல ஏதுடி சிறுமலைப் பழம்?”

மதுரைக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியை வாங்கித் தானும் வெகுநேரம் பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் ஊன்றியிருந்த கைகளைப் பார்த்தார். எத்தனை கழுவினாலும் போகாத மை நகக்கண்களில் கறுத்திருந்த கைகள். பெரியப்பா அவற்றை எடுத்து மறைத்துக்கொள்ளவில்லை.

“எல்லாத்தையும் குடுத்துருவோம்ணே” என்றார் அப்பா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “புது மிஷினே வாங்கலாம்.”

“ஒண்ணு மட்டும் குடு. மிச்சம் இருக்கட்டும்” என்றார் பெரியப்பா.

மதுரைக்காரர் பேரம் பேசவில்லை. அந்த ஒரு தாளுக்கு ஐம்பது ரூபாய் எண்ணி வைத்தார். அப்பாவின் சம்பளத்தில் பாதிக்கு மேல். பிறகு வெள்ளைத் துணியை மடித்து, சாமான்களைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை அவரைக் கொண்டுவிடப் பெரியப்பா போனார். நானும் கூடவே ஓடினேன்.  மதுரை பஸ் புறப்படும்போது அவர் படியில் ஏறியவர் இறங்கி வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, பெரியப்பாவைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

“வெளிநாட்டுக்காரங்க கேட்டா, யாருன்னு தெரியலைன்னே எழுதிடுறேன்” என்றார். பெரியப்பா தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் அந்தக் கட்டு பெட்டியில் இல்லை. புது மிஷின் வரவில்லை. விரிசல் விட்ட சக்கரத்தை இன்னொரு தடவை ஒட்டவைத்துத்தான் ஓட்டினார்கள். கைக்கு வந்ததை அண்ணன் கெடுத்துக்கொண்டார் என்று அப்பா பல வருஷம் ஆதங்கப்பட்டார்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா இறந்தார். அதற்குப் பிறகுதான் பெரியம்மா எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஈப்போவில் ஒரு லேபிள் அச்சகத்தில் பெரியப்பா கல்லில் படம் வரைகிறவராக இருந்தார். ரப்பர் தோட்டத்து ஆண்களை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் டவுனுக்கு வந்து கொட்டகைகளில் பட்டினி கிடந்தார்கள். “அவன் அடிக்கிறதும் காயிதம், நாம அடிக்கிறதும் காயிதம்” என்று ஆரம்பித்தது பெரியப்பாவோடு வேலை பார்த்த சீனர் ஒருவர். பெரியப்பா கல்லில் வரைந்தார். சீனர் மை கலக்கி அச்சடித்தார். நோட்டுகள் கொட்டகைப் பெண்களின் கை வழியாக அரிசியாகவும் கிழங்காகவும் மாறின. அந்தச் சந்தையில் யாருக்கும் அந்த வாழைக்குலையில் குற்றம் தெரியவில்லை. தான் வேறு ஊர்ப் பழத்தை வரைந்திருப்பது வரைந்தவருக்கே தெரியவில்லை. கை தானாகப் பழகின காயை வரைந்துவிட்டது.

சீனர் ஒருநாள் நோட்டுகளோடு சந்தையில் பிடிபட்டார். கூட இருந்தது யார் என்று எத்தனை வதைத்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் தலையை ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் வைத்தார்கள். பெரியப்பா அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வேலைக்குப் போய்வர வேண்டியிருந்தது. தானும் சீனரும் கடைசியாக அடித்த நோட்டுக்கட்டை அதற்குப் பிறகு செலவழிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை, எரிக்கவும் மனம் வரவில்லை.

இது எதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாது. பஸ்ஸை அனுப்பிவிட்டுத் திரும்பும் வழியில் பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனார். சாமியார் பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா தோத்திரம் சொல்லி, ஐம்பது ரூபாயையும் அவர் முன்னால் வைத்து, செத்துப்போன ஒருவருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்றார்.

“ஒரு பூசைக்கு எதுக்கு இம்புட்டு?”

“இது தீருற வரைக்கும் வையுங்க சாமி. எல்லாம் அவருக்கே.”

“பேரு?”

“ஆ லிம்னு கூப்பிடுவோம்.”

“ஞானஸ்நானம் வாங்கினவரா?”

“கேட்டதில்ல சாமி.”

சாமியார் பேனாவைப் பிடித்தபடி கொஞ்சநேரம் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும், அவர் யார் என்று கேட்டேன்.

“எனக்கு மை கலக்கிக் குடுத்தவரு” என்றார் பெரியப்பா.

எங்கள் அச்சகத்திலும் மை கலக்க ஒரு பையன் இருந்தான். மை கலக்கிக் கொடுத்தவருக்கெல்லாம் இத்தனை பூசை வைக்க வேண்டுமென்றால் பெரியப்பா எப்படிச் சமாளிப்பார் என்று கவலைப்பட்டுக்கொண்டே வீடு வரை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.