கத்தி பிடிக்கத் தெரியாத கொலைகாரன்

ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை போர்வைக்குள்ளேயே முடிந்துவிடும். போன ஞாயிறும் அப்படித்தான். மகள் போனில் ஏதோ பழைய படம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். தலையில் சாக்கு, கையில் வளைந்த கத்தி, ஒருவன் திராட்சைத் தோட்டத்துக்குள் தாவித் தாவி ஓடுகிறான்.

"கொலைகாரப் படம்மா. கீழ சனம் எழுதியிருக்கிறதக் கேளுங்களேன்" என்று வாசித்துக் காட்டினாள். 'இது ரத்தமா, தக்காளி சோஸா?' 'சாக்குல கண்ணுக்கு ஓட்டை போட மறந்துட்டாங்க, ரெண்டு தடவ மரத்துல முட்டிட்டான்.' 'இதப் பார்த்துப் பயந்தவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க.'

நான் கையைத் தூக்கவில்லை. உங்களிடம் சொன்னால் என்ன, உள்ளுக்குள் தூக்கினேன்.

ஈரச் சாக்குக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் ஆண்கள் யூரியா சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் மழையில் மலை ஏறுவார்கள். அண்ணனும் அப்படித்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு எல்லாமே அவர்தான். அவருக்குக் கவ்வாத்து வேலை, அதாவது வளர்ந்த தேயிலையை வளைந்த கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவது. ஒரு செடி முறியாமல் வெட்டுவார் என்று கங்காணியே சொல்வார். நான் அப்போதுதான் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போயிருந்தேன். வாய் மட்டும் பத்து வருஷ அனுபவக்காரி மாதிரி.

லயங்களுக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வராத காலம் அது. ஹட்டனில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம், டீவி, கேசட் போடும் டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு விடுவார். ஊரெல்லாம் சேர்ந்து எடுத்துவந்து பிள்ளைக்காம்பராவில், பகலில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அந்த அறையில் வைத்துப் பார்ப்போம். நானாவிடம் ஒரு பழக்கம். இரண்டு படம் எடுத்தால் ஒன்று சும்மா தருவார். திருப்பிக் கொடுக்கும்போது அது எப்படி என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் அடுத்த தோட்டத்துக்குத் தருவதா இல்லையா என்று முடிவு செய்வார். எங்கள் தோட்டத்தின் சார்பில் கருத்துச் சொல்லும் பொறுப்பு அண்ணனுடையது.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் சும்மா வந்ததுதான் இந்தப் படம். பாஷை புரியவில்லை, அதற்கென்ன? "இருட்டுன பொறகு வெளிய போறாளே, இவளுக்கெல்லாம் சொல்றதுக்கு ஆளில்லையா?" என்றார் மாரியாயி அக்கா. "ரத்தம் ரொம்பச் செவப்பா இருக்கு" என்றார் கங்காணி. அண்ணன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு டீவிக்கு முன்னால் போய் நின்றார்.

"கத்தி புடிக்கிற தினுசப் பாருங்க! இப்படி முன்னால நீட்டிக்கிட்டு ஓடுனா வழுக்குற எடத்துல மொதல்ல சாவுறது அவன்தான். நடக்கையில கத்தியோட வாய் பின்னால பார்க்க, தொடையோட ஒட்டிப் புடிக்கணும். நானாகிட்ட இதத்தான் சொல்லப்போறேன்."

எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஆனால் அவை சிரிக்கிற வருஷங்கள் இல்லை. டவுனில் கடை எரிந்த கதையும், எந்தெந்தத் தோட்டத்துக்கோ தமிழர்களை அடிக்கக் கத்தி, பொல்லுத் தடியோடு ஆட்கள் வந்த கதையும் வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் லயத்துக் கோடியில் கல் குவித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவ்வளவு சத்தமாகச் சிரித்ததே அதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் எங்களுக்கு மேல் மலையில் வேலை, காட்டு ஓரம். பனி இறங்கிப் பக்கத்து ஆள் தெரியாது. அப்படியான நேரத்தில் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டேதான் கொழுந்து எடுப்போம். கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டதும் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். நிரை முடியக் கொஞ்சம் இருந்ததால் நான் மட்டும் நின்றேன். வீறாப்பு, வேறென்ன? குரல் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தேன். மேலே எங்கோ குச்சி ஒடிந்தது. காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்று ஒடிந்தது. இந்தத் தடவை பக்கத்தில்.

திரும்பினேன். பனிக்குள் சாக்குத் தலை. கையில் வளைந்த கத்தி.

கையில் மட்டக்கம்பு இருந்தது, கொழுந்தை மட்டம் பார்த்து எடுக்க வைத்திருக்கும் மெல்லிய கம்பு. உருவம் இரண்டு எட்டு வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பலத்தோடு குத்தினேன்.

"புள்ள... நான்தான்."

பக்கத்து மலையில் கவ்வாத்திலிருந்த அண்ணன், என்னிடமிருந்த தேத்தண்ணீர்ப் போத்தலை வாங்க வந்திருக்கிறார்; சாக்கு காதை மூடியதில் என் குரல் கேட்கவில்லை. கத்தியின் வாய் பின்னால் பார்க்க, தொடையோடு ஒட்டித்தான் பிடித்திருந்தார். நான் கத்தியைப் பார்த்தேனே தவிர, பிடித்திருந்த தினுசைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விரலிடுக்கில் வடிந்த ரத்தம் அவ்வளவு சிவப்பாக இல்லை.

ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "கவ்வாத்துக் குச்சி குத்திருச்சுன்னு சொல்லு. ஒன்ன பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. வேற ஒண்ணும் பேசாத."

நான் பேசவில்லை. கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணனுக்குக் கத்தி கொடுக்க மாட்டோம் என்று கவ்வாத்திலிருந்து எடுத்து, கடைசிவரை தோட்டத்துத் துரை பங்களாவில் முற்றம் கூட்ட வைத்தார்கள். டெக்கைத் தேடிவந்த நானா செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கே பிஸ்கட் பெட்டியோடு போனார். என்ன பேசுவது என்று தெரியாமல், "படம் எப்படிங்க இருந்திச்சு?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் கட்டுப் போட்ட முகத்தோடு சிரித்தார். "படம் நல்லாத்தான் இருந்திச்சு நானா. கத்தி புடிக்கிற தினுசுதான் சரியில்ல." கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

நானாவின் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அந்த மலை வெட்டாமல் விட்டுக் காடாகிவிட்டது. கவ்வாத்துக்கு மிஷின் வந்துவிட்டது. அண்ணன் போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு நாள்கூட அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்க நானும் வாய் திறந்ததில்லை.

"நீங்களும் ஒண்ணு எழுதுங்கம்மா" என்றாள் மகள்.

"அவன் கத்தி புடிக்கிற தினுசு சரியில்லன்னு போடு."

போட்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. 'அக்காவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"மாமா சொன்னதுன்னு போடு."

"மாமாவா? பாவம், அவருக்குத்தானே கவ்வாத்துக் குச்சி குத்திக் கண்ணு போச்சு" என்றாள் மகள், தட்டிக்கொண்டே.

"குச்சி இல்லம்மா" என்றேன். "நான்தான்."