அவருக்கென்று எடுத்த வாக்குத்தத்தம்

புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். இப்போது பல சபைகளில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். விருத்தாசலத்தில் எங்கள் சபையில் இன்னும் தட்டுதான். எவர்சில்வர் தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் இருக்கும். வரிசையில் போய் ஒன்றை எடுக்க வேண்டும். கைக்கு வருகிற வசனம், எடுத்தவருக்கு அந்த ஆண்டுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு. வர முடியாதவருக்கு வீட்டிலிருந்து வந்தவர் எடுக்கலாம். ஆனால் யாருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் தட்டில் கை வைக்க வேண்டும். எடுத்த பிறகு மாற்றக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆண்டு வரிசையில் நான் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். பாண்டிச்சேரியில் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்தும் வேலை எனக்கு. லீவு கிடைத்தால் அக்கா வீட்டுக்கு வருவேன். மாமா ஆராதனைக்கு வரவில்லை. ஊரின் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ஃபியூஸ் துண்டுகளின் பிசிறைத் தேய்த்துச் சமன் செய்வது அவர் வேலை. தேய்க்கும்போது பறக்கும் மாவைப் பல ஆண்டுகளாக மூச்சோடு இழுத்திருந்தார். நான்கு எட்டு நடந்தால் நின்று இளைக்கும் நிலையில் இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"இது அவருக்கு" என்று அக்கா சொன்னாள். அட்டையை எடுத்துத் திருப்பினாள். நீண்ட ஆயுளைக் கொடுத்துத் திருப்தியாக்குவேன் என்கிற வசனம். பிறகு தனக்கென்று ஒன்று எடுத்தாள். தண்ணீரைக் கடக்கும்போது கூட இருப்பேன் என்கிற வசனம். அதை அவள் சரியாகப் படிக்கக்கூட இல்லை.

வீட்டில் மாமா அட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"மச்சான், நீ பேப்பர்காரன். இது நம்பத் தகுந்த வட்டாரத் தகவலா?"

"வாயக் கழுவுங்க. ஆண்டவரு சொன்னா சொன்னதுதான்" என்றாள் அக்கா.

"நான் இல்லன்னா சொன்னேன்? நீண்ட ஆயுசுன்னு போட்டிருக்குது. நீண்ட மூச்சுன்னு போடலயே."

சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது. அக்கா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதமே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பக்கத்து வீட்டு மளிகைக் கடை பாய் தன் காரையே ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் மகன் துபாயில் இருந்தான். கார் பெரும்பாலும் சும்மாதான் நின்றது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எக்ஸ்ரேயைக் காட்டினார். நுரையீரலில் பெரும் பகுதி இறுகிவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை என்றார். அதை நான் கூட்டாமல் குறைக்காமல் அக்காவிடம் சொன்னேன்.

"டாக்டரு பொய் சொல்லல" என்றாள். "அவருக்குத் தெரிஞ்சத சொல்றாரு."

திரும்பி வரும் வழியில் பாய், "நானும் துவா கேக்குறேன்மா, நல்லா ஆயிடுவாரு, இன்ஷா அல்லா" என்றார். அல்லா நாடினால் என்று அவர் ஒரு இடம் விட்டு வைத்தார். அக்கா அப்படி எதையும் விடவில்லை. அவளைப் பொறுத்தவரை நாட்டம் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. அந்த அட்டை மாமாவின் வேதாகமத்துக்குள் இருந்தது.

வெயில் காலத்தில் மாமா கொஞ்சம் தேறினார். டீக்கடை வரை போய், உட்கார்ந்து, திரும்பி வந்தார். மறு ஞாயிறு அக்கா சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். கைவிட்ட டாக்டரைப் பற்றிச் சொன்னாள், அட்டையைப் பற்றிச் சொன்னாள். பாஸ்டர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். போனில் எனக்கு இதைச் சொன்னபோது அவள் குரலில் நீண்ட நாட்களாக நான் கேட்காத தெளிவு இருந்தது. வெயில் நாளில் மூச்சு கொஞ்சம் லேசாகலாம், அதை வைத்து நோய் குறைந்ததாக நினைக்க வேண்டாம் என்று டாக்டர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அதை மட்டும் நான் அன்று அவளிடம் சொல்லவில்லை.

மழைக் காலம் தொடங்கியதும் மாமா படுத்தார். ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று வாடகைக்கு வந்தது. கரண்ட் போகும் போதெல்லாம் அக்கா விசிறியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். விசிறியால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு மத்தியானம் நான் போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவள் விடவில்லை.

அடுத்த நாள் பெட்டியை மூட வந்தவர்களிடம், "கொஞ்சம் பொறுங்க" என்றாள். பொறுத்தார்கள். மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னாள். அவர் எழுந்துவிடுவார் என்றுதான் அவள் காத்திருக்கிறாள் என்று கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் பாஸ்டர் அவள் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

அடக்கம் முடிந்த அந்த வாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வசனத்தில் ஆயுள் என்பது நித்திய ஜீவன், அதை ஆண்டவர் மாமாவுக்குக் கொடுத்துவிட்டார் என்று பொறுமையாக விளக்கினார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப வெயில்ல நான் சாட்சி சொன்னப்ப ஏன் பாஸ்டர் கைதட்டச் சொன்னீங்க? அப்பவும் அதுதான அர்த்தம்?"

அவர் ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அன்னிக்கு நீ என் பின்னாடிதான நின்ன?"

"ஆமாக்கா."

"எந்த அட்டைய முதல்ல எடுத்தேன்? யாருக்குன்னு சொன்னேன்?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் பேச்சு எங்கே போகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எதைச் சொன்னாலும் அவளிடம் மிஞ்சியிருக்கும் இரண்டில் ஒன்று போகும்: ஆண்டவர் மேல் உள்ள நம்பிக்கை, இல்லையென்றால் தன் மேல் உள்ள நம்பிக்கை. தெரிந்ததைச் சொன்னேன்.

"'இது அவருக்கு'ன்னு சொன்ன. அப்புறந்தான் கை வச்ச. வந்தது ஆயுசு அட்டை. எனக்கு நல்லா கேட்டுது."

"இல்ல. எனக்குன்னு எடுத்திருப்பேன். வந்தத பாத்ததும் ஆசைப்பட்டு அவருக்குன்னு மாத்திட்டேன்."

"நீ மாத்தலக்கா."

"நீ எத்தன வாட்டி நியூஸ தப்பா போட்டுட்டு மறுநாளு வருந்துகிறோம்னு போட்டிருக்க?"

"அது வேற."

"என்னா வேற? மனுஷன் பாத்தது தப்பாப் போவும். ஆண்டவரு சொன்னது தப்பாப் போவாது. அப்ப தப்பு யாருது? என்துதான். மாமாவோட அட்டைய நான் வச்சுக்கிட்டு, என் ஆயுசு அட்டைய அவருக்குக் குடுத்துட்டேன்."

"தண்ணியக் கடக்குற வசனந்தான் மாமாவுக்கா?"

"ஆமா. கடந்துட்டாரு. கூட இருந்திருப்பாரு ஆண்டவரு. சரியா இருக்குது பாரு."

எல்லாம் பொருந்தியது. என் தொழிலில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், அந்த இடத்தில் இருந்தவர் யார் என்று கேட்போம். நான் இருந்தேன். அக்காவின் கணக்கில் ஆண்டவரும் இருந்தார். அவரைப் பொய்யராக்குவதை விடத் தன்னைப் பொய்க்காரியாக்கிக்கொள்வது அவளுக்கு எளிதாக இருந்தது. பேசி ஜெயித்திருந்தால் என்ன கொடுத்திருப்பேன் அவளுக்கு? என்னிடம் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. இன்றும் இல்லை.

சபைக்குப் போவதை அவள் விடவில்லை. சாட்சி நேரத்தில் மட்டும் எழுந்திருப்பதில்லை. மாமா வேலை பார்த்த கம்பெனியிலேயே சரக்கைப் பெட்டியில் கட்டும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். பாண்டிச்சேரிக்கு வந்து என்னோடு இரு என்று கூப்பிட்டேன். "எதுக்கு?" என்றாள். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. பதில் இருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்பது போலக் கேட்டாள்.

சென்ற மாதம் பேட்டையில் மருத்துவ முகாம் நடந்திருக்கிறது. தூசியில் வேலை செய்கிறவர்களை எல்லாம் வரிசையில் நிற்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

"பிரஷர் நார்மலாம். சுகர் இல்லியாம். நெஞ்சுல ஒன்னுமே இல்லியாம். இந்த வயசுல இப்படி ஒடம்பு யாருக்கு இருக்குதுன்னு நர்ஸு பொண்ணு சொல்லுது."

"நல்லதுதானக்கா."

"இன்னும் ரொம்ப நாளு கெடக்குது தம்பி" என்றாள். "ஆண்டவரு வாக்கு மாற மாட்டாரு."