மரத்துக்குள் கேட்ட சத்தம்

பச்சைப்பசேலென்று நின்ற ஒரு பேரீச்ச மரத்துக்குள் யாரோ முறுக்குக் கடிக்கும் சத்தத்தை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

வளைகுடாவில், அல் ஐன் பாலைவனச் சோலையில் ஒரு தோட்டத்தில் அப்பா பம்பு மெக்கானிக். நாளடைவில் மரங்களைப் பார்த்துக்கொள்வதும் அவர் தலையில் விழுந்தது. கபீல் என்று அங்கே சொல்லும் தோட்ட முதலாளி மனது வைத்ததால்தான் அம்மாவுக்கும் எனக்கும் விசா, தோட்டத்து ஓரமாக இரண்டறை வீடு. வெளியே மணல் கொதிக்கும். உள்ளே பேரீச்சையின் நிழலில் எலுமிச்சை, எலுமிச்சையின் நிழலில் ஆட்டுப்புல் என்று ஒன்றை ஒன்று அண்டிப் பிழைத்தன. நாங்களும் அப்படித்தான். நடுவில் நின்ற பெரிய மரம் கபீலின் அம்மா நட்டது. அவர் இறந்த பிறகும் அதன் முதல் குலை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகும். கபீல் தோட்டத்துக்கு வந்தால் முதலில் அந்த மரத்தின் மேல்தான் கை வைப்பார்.

அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்தில் சிவப்பு வண்டு விழுந்தது. அதன் புழு உள்ளே தின்றுகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. மரத்தில் காதை வைத்தால்தான் அது கடிக்கும் சத்தம் கேட்கும். புழு இருந்தால் வெட்டி எரித்துவிட வேண்டும். ஒரு வரிசையையே எரித்த புகை எங்கள் ஜன்னல்வரை வந்தது.

"அந்தப் பெரிய மரத்துல பூச்சி கேறிச்சுன்னா நாம பெட்டி கெட்டவேண்டியதுதான்" என்றாள் அம்மா. அப்பா டிவியை அலறவிட்டிருந்ததால் அவள் அதை இரண்டாம் தரம் கத்திச் சொன்னாள். அன்றிலிருந்து பெட்டி இருந்த பக்கமே நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா என்னை மரம் மரமாக அழைத்துப் போனார்.

"காதை வச்சுப் பாரு மக்களே. சின்னப் பிள்ளை காதுக்குத்தான் நல்லாக் கேக்கும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய மரத்துக்கு வரும்வரைதான் அந்தப் பெருமை. அங்கே கடித்தது, நின்றது, மறுபடி கடித்தது. காதை எடுத்தேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லப்பா."

"நல்லாக் கேட்டியா?"

மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் அதையே சொன்னேன். சாயங்காலம் கபீல் மரத்தில் கை வைத்தபடி "மாஃபி?" என்று கேட்டார். ஒன்றும் இல்லையே என்று அர்த்தம். "மாஃபி" என்றார் அப்பா, அத்தனை தைரியமாக.

அதன்பிறகு சின்னக் காற்று அடித்தாலும் நான் அந்த மரத்தின் கொண்டையைத்தான் பார்ப்பேன். அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரிடம், ஒன்றை யாரும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி வேண்டினேன். அவருக்கு அது பழக்கமில்லை போலும்.

ஒரு மாதத்தில், மணல் காற்று அடித்த ஒரு மத்தியானம் மரம் இடுப்போடு முறிந்தது. உள்ளே ஈரச் சக்கையும் புழுவும்தான் இருந்தன. கபீல் ஓடி வந்தார். முறிந்த இடத்தைத் தொடப்போய்க் கையை எடுத்துக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் காது வச்சுக் கேட்டேன் அர்பாப். தப்பு என்னோடது" என்று முதலாளியிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்.

நிழல் போனதும் கீழே நின்ற எலுமிச்சை இலைகள் தீய்ந்தன. அது முழுதாகக் காயும் முன்பே நாங்கள் பெட்டி கட்டினோம். என்னைக் காட்டிக்கொடுக்காத அப்பா எவ்வளவு நல்லவர் என்று விமானத்தில் நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் நாகர்கோவிலில் அப்பாவுக்குக் காது மிஷின் மாட்டினோம். எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்றார் டாக்டர்.

"அந்தப் பம்பு சத்தத்துலயே போயிட்டு டாக்டர்" என்றாள் அம்மா. "தெரிஞ்சா அனுப்பிருவாங்கன்னு அங்க யாருட்டயும் சொல்லல்ல. இவகிட்டகூட" என்று என்னைக் காட்டினாள்.

அன்று மரத்தடியில் அப்பா என்னிடம் மூன்று தரம் கேட்டபோது என்மேல் சந்தேகம் என்றுதான் நான் நினைத்தேன். அப்பாவுக்கு வேறு காது இல்லை என்பது அந்த ஒன்பது வயதுக்குத் தெரியவில்லை.